எட்டாவது ஆள்

நான் ரொட்டி சுடுகிறவன். ஊர் படுக்கும்போது வேலைக்குக் கிளம்புவேன், ஊர் வேலைக்குக் கிளம்பும்போது வீட்டுக்கு வருவேன். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. இதைச் சொன்னதும் கேட்கிறவர்கள் முகத்தில் ஒரு பரிதாபம் வரும் பாருங்கள், அதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாவு சொன்னபடி கேட்கும். அடுப்பு எதிர்த்துப் பேசாது. இதைவிட நல்ல வேலை எங்கே இருக்கிறது? என் கஷ்டமெல்லாம் காலை ஒன்பது மணிக்கு மேல்தான்.

ராத்திரி முழுக்க நின்ற உடம்பு வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடாது. சூடு இறங்க வேண்டும். மதியம் ஒரு மணிக்குத்தான் கண் சொருகும், எழுந்திருக்க எட்டாகும். என் மனைவி கண் மருத்துவமனையில் சீட்டு பதிகிறவள். நான் படியேறும்போது அவள் படியிறங்குவாள். ஆக, ஒன்பதிலிருந்து ஒன்று வரை வீட்டில் இரண்டே பேர். நானும் என் மாமனாரும்.

மாமனார் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு எங்களோடு வந்து தங்கினார். வந்த மூன்றாவது மாதம் யாரோ உறவுக்காரரிடம் போனில், "மாப்பிள்ளை ராத்திரியெல்லாம் மாவு பிசையறார், பகலெல்லாம் தூங்கறார். எம் பொண்ணு கல்யாணம் ஆகியும் தனியாத்தான் இருக்கா" என்றார். நான் பக்கத்து அறையில் இருந்தேன். உண்மை சுடும் என்பார்கள். அடுப்படியிலேயே கிடக்கிற எனக்கு அந்தச் சூடு தாங்கவில்லை. நேராக அவர் முன்னால் போய் நின்று, "போக இடமில்லாம வந்து உக்காந்திருக்கவங்களுக்கு இந்தப் பேச்செல்லாம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் போனை மெதுவாகக் கீழே வைத்தார்.

அன்றோடு பேச்சு நின்றது. ஐந்து வருடம். குளியலறைக் கதவில் துண்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். செய்தித்தாளை அவர் படித்துவிட்டு மேஜையில் வைப்பார், நான் படித்துவிட்டு அலமாரியில் வைப்பேன். ஜாடைப் பேச்சுகூடக் கிடையாது. ஜாடை பேசவும் கொஞ்சம் உறவு வேண்டுமே.

வீட்டில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் சமையலறை ஜன்னலோரம் கிடந்த சதுரங்கப் பலகை. நாலு வருடத்துக்கு முன்னால் மனைவிதான் ஆரம்பித்தாள். "நாம சேந்து உக்கார நேரமே இல்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காய் நகர்த்துவோம்" என்றாள். காலையில் வந்து நான் ஒரு காய் நகர்த்துவேன். தூங்கி எழுந்து பார்த்தால் பதில் நகர்த்தியிருக்கும். எதை நகர்த்தியது என்று தெரிய, அந்தக் காயின் அடியில் ஒரு சட்டைப் பொத்தான். ஒரே ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம்: பலகையில் நடப்பதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. முதல் வாரமே ஒரு யானையை வெட்டியது பற்றிப் பேசப் போய் இரவுச் சாப்பாடு சண்டையில் முடிந்ததால் வந்த சட்டம் அது.

அந்த ஆட்டத்தில்தான் என் மனைவியைப் புரிந்துகொண்டேன் என்று நினைத்திருந்தேன். நேரில் படபடப்பானவள். பலகையில் அப்படி ஒரு பொறுமை! பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள், ஆனால் லேசில் ஜெயிக்க முடியாது. நாற்பது நாள், ஐம்பது நாள் என்று நானும் தாக்குப்பிடிப்பேன். தோற்றதும் அடுத்த ஆட்டத்துக்கு நானே காய்களை அடுக்கி வைப்பேன். போன கல்யாண நாளன்று என் ராணியை வேண்டுமென்றே அவள் குதிரையின் வாய்க்கு நேரே கொண்டுபோய் வைத்தேன். பரிசுதான், வேறென்ன. எழுந்து பார்த்தால் ராணியைத் தொடவே இல்லை. ஓரத்தில் ஒரு சிப்பாய் மட்டும் ஒரு கட்டம் நகர்ந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாருக்கு வாய்க்கும் இப்படி ஒரு மனைவி?

ஒரு நாள் காலை நானும் மாமனாரும் ஒரே நேரத்தில் சமையலறை வாசலுக்கு வந்துவிட்டோம். நான் இடது பக்கம் ஒதுங்க, அவரும் அதே பக்கம் ஒதுங்க, நான் வலது பக்கம் போக, அவரும் அதே பக்கம் வர, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் தன் அறைக்குத் திரும்பிப் போனார். பகலில் எனக்கென்று ஓர் இடம் இல்லாவிட்டால் சரிப்படாது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

எங்கள் ஊரில் ஏற்கெனவே ஒரு செஸ் கிளப் உண்டு. மாலை ஆறரைக்குக் கூடும். அந்த நேரத்தில் எனக்கு நடுச்சாமத் தூக்கம். பகலில் கூடுகிற கிளப் வேண்டுமென்றால் நானே ஆரம்பிக்க வேண்டியதுதான்.

நூலகத்தின் மாடியில் ஓர் அறை பூட்டிக் கிடந்தது. நூலகர் அம்மா நல்லவர், ஆனால் கறாரானவர். "செவ்வாய், வியாழன் பத்துலேருந்து பன்னெண்டு வரைக்கும் தரேன். ஒரு மாசம். அதுக்குள்ள வாராவாரம் வர்ற எட்டுப் பேர் பதிவேட்டுல இருக்கணும். இல்லேன்னா பழைய நாற்காலியெல்லாம் அங்க ஏத்தணும்னு நூலகக் குழுத் தலைவர் சொல்லிட்டாரு" என்றார். எட்டுப் பேர்தானே என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை. பகலில் சும்மா இருக்கிற எட்டுப் பேரை ஒரு ஊரில் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும். முதலாளியைக் கெஞ்சி, முந்நூறு ரொட்டிப் பைகளில் ஒரு சீட்டைப் போட்டு அனுப்பினேன். "பகல் நேரச் சதுரங்க மன்றம். தெரிந்தவர்களும் வரலாம், தெரியாதவர்களும் வரலாம்." பதினொரு பேர் போன் செய்தார்கள். ஒன்பது பேர் சீட்டைக் காட்டினால் ரொட்டியில் தள்ளுபடி உண்டா என்று கேட்டார்கள். ஒருவர், ரொட்டி அடியில் கருகியிருந்தது என்றார். பதினோராவது ஆள் தவறான எண்ணாம்.

முதல் செவ்வாய் நான்கு பலகைகளை விரித்து, காய்களை அடுக்கி, பன்னிரண்டு வரை தனியாக உட்கார்ந்திருந்தேன். நூலகர் அம்மா ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, பாவம் என்று நினைத்திருப்பார் போல, மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போனார்.

அப்புறம்தான் மூளை வேலை செய்தது. பகலில் சும்மா இருப்பவர்கள் யார்? என்னைப் போல ராத்திரியிலோ விடியலிலோ வேலை முடித்தவர்கள். அவர்கள் இருக்கும் இடத்துக்கு நான்தான் போக வேண்டும். பஸ் டிப்போவில் ஒரு ஓட்டுநரைப் பிடித்தேன். காலைக் கூட்டத்துக்கு ஒரு நடை, மாலைக் கூட்டத்துக்கு ஒரு நடை, நடுவில் ஐந்து மணி நேரம் ஓய்வறை பெஞ்சில் படுத்து விட்டத்தைப் பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. ராத்திரிப் பணி முடித்து என் கடையில் ரொட்டி வாங்கும் நர்சம்மா, "தூக்கம் வராம வீட்டுல புரள்றதுக்கு அங்க வந்து தோக்கலாம்" என்று வந்தார். ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார் தானாகவே வந்தார். வாயை மூடி உட்காரும் விளையாட்டு இது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இவர்களைப் பார்த்து, தபால் பிரிக்கும் இடத்திலிருந்து இரண்டு பேரும் ஒரு தையல்காரரும் சேர்ந்தார்கள். மூன்றாவது வாரம் என்னோடு ஏழு.

இதற்கிடையில் என் மானம் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநரோடு முதல் ஆட்டம். ஒரு சிப்பாயை நகர்த்தினேன். எழுந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

"அண்ணே, எங்க கிளம்பிட்டீங்க? நான் இன்னும் ஆடவே இல்லையே" என்று மாடியிலிருந்து கத்தினார் ஓட்டுநர்.

நாலு வருடப் பழக்கம். காயை நகர்த்தினால் அன்றைய வேலை முடிந்தது என்று கால்கள் தானாக எழுந்துகொள்கின்றன. அசடு வழியத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். எதிரில் ஒரு முகம் யோசிப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது எனக்குப் புது அனுபவம். அது பிடித்துப் போயிற்று. சொல்லப்போனால், அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மற்ற நாட்களை ஓட்டினேன். அந்த அறை கையை விட்டுப் போனால் மறுபடி அதே வீடு, அதே துண்டு தொங்கும் கதவு.

ஆனால் எட்டாவது ஆள் கிடைக்கவில்லை. மாதத்தின் கடைசி வியாழன் குழுத் தலைவர் நேரில் வந்து பார்க்கப் போகிறார் என்று நூலகர் அம்மா சொன்னார். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்ததை மனைவி பார்த்தாள்.

"நான் அரை நாள் லீவு போட்டுட்டு வரேன். தலை எண்ணத்தானே வராரு" என்றாள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல இருந்தது எனக்கு. ஆள் எண்ணிக்கைக்காக மட்டுமில்லை. நாலு வருடமாக ஆடுகிறோம், ஒரு தடவைகூட எதிரெதிரே உட்கார்ந்ததில்லை. வியாழக்கிழமை வீட்டுக்குப் போகாமல் கடையிலேயே குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். அவள் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். பக்கத்துப் பலகையில் ஓட்டுநர் கண்ணடித்தார்.

வெள்ளைக் காய்களை அவளுக்குக் கொடுத்தேன். ராஜா இருக்க வேண்டிய இடத்தில் ராணியை வைத்தாள். பதற்றம் போல என்று சும்மா இருந்தேன். நாலாவது நகர்த்தலில் குதிரையைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். குனிந்து ரகசியமாகக் கேட்டாள்.

"என்னங்க, இது எப்படிப் போகும்? மறந்துபோச்சு."

"விளையாடறியா? போன மாசம் ரெண்டு குதிரையையும் வெச்சு என்னைப் பொளந்து கட்டினியே."

அவள் குதிரையைக் கீழே வைத்தாள்.

"அது நான் இல்லீங்க."

"பின்ன யாரு?"

"நம்ம வீட்டுல வேற யாரு இருக்காங்க?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அவள் பலகையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தாள். முதல் இரண்டு மாதம் அவள்தான் ஆடினாளாம். வேலை முடிந்து வரும்போது மண்டையில் ஒன்றும் ஓடாது. ஒரு நாள் அப்பாவிடம், "என்ன வைக்கலாம்பா?" என்று கேட்டிருக்கிறாள். சொல்லியிருக்கிறார். மறுநாளும் கேட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் அவரே, "இனிமே நானே வைக்கட்டுமா? மாப்பிள்ளைக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா நிறுத்திடுவார்" என்று கேட்டாராம்.

"நாலு வருஷமாவா?"

"பலகையைப் பத்திப் பேசக் கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க."

என் காதெல்லாம் சூடாகிவிட்டது. முதலில் வந்தது கோபம்தான், பொய் சொல்வானேன். அப்பனும் மகளும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறார்கள். அடுத்தது வெட்கம். கல்யாண நாளன்று என் ராணியைக் கொண்டுபோய் யாருக்குப் பரிசு வைத்திருக்கிறேன்! அதைப் பார்த்து அந்த மனிதர் என்ன நினைத்திருப்பார்? மகளுக்கு வந்த பொருள் என்று தொடாமல் விட்டிருக்கிறார். அது நினைவுக்கு வந்ததும் கோபம் என் பேச்சைக் கேட்காமல் இறங்கத் தொடங்கியது.

அதற்குள் குழுத் தலைவர் வந்துவிட்டார். விரலால் தலைகளை எண்ணினார். "எட்டு. சரியா இருக்கே" என்றவர், மனைவி பக்கம் திரும்பி, "நீங்க வாராவாரம் வருவீங்களாம்மா?" என்று கேட்டார்.

நாலு வருடம் ஒரு பொய்யைச் சுமந்தவளுக்கு இன்னொன்றுக்கு இடமில்லை போலிருக்கிறது.

"என்னால முடியாது சார், வேலை இருக்கு. ஆனா எங்க வீட்டுலேருந்து ஒருத்தர் வருவார். இங்க இருக்க எல்லாரையும்விட நல்லா ஆடுவார்" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்போ செவ்வாய்க்கிழமை அவர் கையெழுத்து பதிவேட்டுல இருக்கணும். இல்லேன்னா புதன்கிழமை நாற்காலி ஏத்திடுவாங்க" என்று சொல்லிவிட்டுத் தலைவர் போனார்.

வெளியே வந்ததும் மனைவியிடம், "நீயே உங்கப்பாகிட்ட சொல்லிடேன்" என்றேன்.

"நான் எதுக்கு? சாட்சிக்காரன் கால்ல விழறதுக்குச் சண்டைக்காரன் கால்லயே விழுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி வேலைக்குப் போய்விட்டாள்.

வழி நெடுக வசனம் தயார் செய்துகொண்டே நடந்தேன். கதவைத் திறந்தால் அவர் சமையலறையில் இருந்தார். நான் ராத்திரி கடைக்குப் போனவன், காலையில் வீட்டுக்கு வராமல் நேரே நூலகத்துக்குப் போய்விட்டேன். அதனால் பலகையில் என் காய் நகராமல் இருந்தது. அவர் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றி நின்று, ஏன் நகரவில்லை என்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், வேலிக்குள் நுழைந்து அகப்பட்டவர் மாதிரி விலகி, சுவரோரமாகத் தன் அறைக்குப் போகப் பார்த்தார்.

"மாமா" என்றேன். ஐந்து வருடம் கழித்து வாயில் வந்த சொல்.

நின்றார்.

"இவ்வளவு நாளா ஆடறது யாருன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"பொண்ணு மேல கோவிச்சுக்காதீங்க. நான்தான் கேட்டேன்" என்றார் சுவரைப் பார்த்து.

தயார் செய்த வசனம் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. "அன்னிக்கு நான் சொன்னது தப்பு மாமா. யாருக்கும் சொல்லக் கூடாத பேச்சு அது. உங்களுக்குச் சொல்லியிருக்கவே கூடாது" என்றேன்.

அவர் சுவரை விட்டுத் திரும்பினார். வந்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். பலகையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நான் சொன்னதும் தப்புதான். அதை விடுங்க. இந்த ஆட்டத்துல நீங்க பத்து நாள் முன்னாடியே தோத்தாச்சு, தெரியுமா?"

"பத்து நாள் முன்னாடியா?"

"இந்த யானையை இங்க வெச்சிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்." விரலால் காட்டினார். உண்மைதான். ஒரு பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

"ஏன் வைக்கலை?"

அவர் சிப்பாய் ஒன்றைக் கட்டத்தின் நடுவில் சரியாக நிற்கும்படி திருத்தி வைத்தார். 

"தோத்தவங்கதானே அடுத்த ஆட்டத்துக்குக் காய் அடுக்கணும். ஒரு நாள் நீங்க அடுக்காம விட்டுட்டீங்கன்னா? ஒவ்வொரு ஆட்டமும் முடியப் போறப்போ எனக்குப் பயமா இருக்கும் மாப்பிள்ளை. அதான் இழுப்பேன். பதினஞ்சு நாள்ல முடியறதை அம்பது நாளாக்குவேன். இந்த வீட்டுல என்கிட்ட எதையாவது எதிர்பார்த்துக்கிட்டு எழுந்திருக்கிறவர் நீங்க ஒருத்தர்தான்."

நான் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை தடவை கடையில் பெருமை அடித்திருக்கிறேன், என்னை அவ்வளவு சுலபமாக வீழ்த்திவிட முடியாது என்று! ஐந்து வருடம் ஒருவர் முகத்தைப் பார்க்காமல் துண்டையும் செய்தித்தாளையும் பார்த்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன். அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக அவர்மேல் பாசமாக இருந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"செவ்வாய்க்கிழமை நூலகத்துக்கு வாங்க மாமா. எட்டாவது ஆள் இல்லாம எங்க செஸ் மன்றம் நிக்குது."

"எட்டுக்கு ஒரு ஆள் குறையுதுன்னுதான் கூப்பிடறீங்களா?"

"எட்டுக்குத்தான் கூப்பிட வந்தேன். இப்போ எனக்காகக் கூப்பிடறேன்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து மணிக்கா, பத்தரைக்கா?" என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதே முக்காலுக்கு நூலக மாடியில் இருந்தோம். வழியில் ஏதோ ஒரு வீட்டின் சுற்றுச்சுவர் கோணலாக இருப்பதைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டு வந்தார். அவர் இத்தனை பேசுவார் என்று நான் நினைக்கவே இல்லை. பூகோள வாத்தியாருக்குச் சரியான ஜோடி. பதிவேட்டில் எட்டாவது வரியில் பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டு, நூலகர் அம்மாவிடம் அளவுகோல் கேட்டு வாங்கி அதன் அடியில் ஒரு நேர்கோடும் போட்டார். புதன்கிழமை நாற்காலி ஏற்ற வரவேண்டாம் என்று நூலகர் அம்மா கீழே போய்ச் சொன்னார்.

பிறகு நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். பதினாறாவது நகர்த்தலில் என் ராஜா விழுந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கொஞ்சமும் இழுக்கவில்லை மனிதர். ஓட்டுநர் வாய்விட்டுச் சிரித்தார். நான் காய்களைத் திரட்டி மறுபடி அடுக்க ஆரம்பித்தேன். மாமனார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.